முருங்கைக்காயனுக்குப் பட்ட கடன்

ரொறன்ரோவில் எம்மவர் நாலுபேர் கூடினால், அரசியலுக்கு அடுத்தபடியாகச் சூடேறும் விவாதம் சோற்றைப் பற்றியது. ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கடைகளில் மொட்டைக்கறுப்பன் என்றும் பச்சைப்பெருமாள் என்றும் பெயரெழுதிய பைகள் மற்ற அரிசியைவிடக் கூடிய விலைக்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் காரணமும் சொல்வார்கள்: விஞ்ஞானிகள் கொண்டுவந்த புதிய நெல்லும், அதற்குப் போடும் உரப் பசளையும், அடிக்கும் மருந்தும் எங்கள் மண்ணையும் உடம்பையும் கெடுத்துவிட்டன, பழைய விதைக்குத் திரும்புவதே வழி. இதற்கு எதிராக இன்னொரு குரலும் உண்டு. 2050இல் உலகச் சனத்தொகை ஏறத்தாழ 970 கோடியாகிவிடும், உணவு உற்பத்தியைப் பெருமளவு கூட்டியாகவேண்டும், மரபணுவைத் திருத்திய பயிரும் நவீன தொழில்நுட்பமும் இல்லாவிட்டால் பட்டினிதான் என்று அது சொல்லும். முதற் கட்சி புதிய விதையைப் பாவம் என்கிறது. இரண்டாம் கட்சி பழைய விதையை மூடநம்பிக்கை என்கிறது. இரண்டு கட்சியிலும் வயலில் நிற்கும் கமக்காரர் ஒருவர் எழும்பிப் பேசியதை நான் கண்டதில்லை.

நான் விவசாயம் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு நிறுத்த நேர்ந்தவன். இப்போது ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. நெல்லின் இரண்டு அந்தங்களையும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்: ஒன்று நாற்று மேடை, மற்றது குப்பைத் தொட்டி. இந்த விவாதத்தில் எது சரி என்பதைவிட, கேள்வியே சரியாகக் கேட்கப்படுகிறதா என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் பழையது, புதியது என்ற பிரிவைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். 1950களில் இலங்கை, தான் உண்ட அரிசியில் ஏறத்தாழப் பாதியை வெளியிலிருந்து வாங்கியது. ஹெக்டயருக்குச் சராசரி ஒன்றரைத் தொன் நெல் விளைந்தாலே பெரிய காரியம். குருநாகலுக்குக் கிட்ட பத்தலகொடவில் 1952இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958இல் ஒரு புதிய இனம் வெளிவந்தது. அதன் பெயர் எச் 4. எங்கள் அப்பப்பா, அம்மப்பா தலைமுறைக் கமக்காரருக்கு அது மறக்க முடியாத பெயர். எச் 4 இன் பெற்றோரில் ஒன்று மாஸ் என்ற இந்தோனேசிய நெல். மற்றது எங்கள் தீவின் நாட்டு நெல். அதன் பெயர் முருங்கைக்காயன்.

முருங்கைக்காயனுக்குப் பெயர் வைத்தவர் தமிழில் வைத்தார் என்பது பெயரிலேயே இருக்கிறது. நீண்டு கிடக்கும் கதிரைப் பார்த்தோ மணியைப் பார்த்தோ வைத்திருப்பார். ஒவ்வொரு அரிவுவெட்டிலும் நல்ல கதிரைத் தனியே எடுத்து, அடுத்த போகத்துக்கு விதைநெல்லாகக் கட்டி வைத்தவர்கள் ஆணும் பெண்ணுமாக எத்தனை பேரோ! எச் 4 இன் வரலாற்றில் அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை. நாட்டில் நெல் பெருகியதில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டென்று யாரும் கணக்கு எழுதியதுமில்லை.

அதற்குப் பின் வந்த இனங்களும் இப்படித்தான். இன்று நாட்டில் விதைக்கப்படும் நெல்லில் மிகப் பெரும்பகுதி பி.ஜி., ஏ.ரீ. என்ற எழுத்துக்களில் தொடங்கும் இனங்கள். பி.ஜி. என்பது பத்தலகொடவையும் ஏ.ரீ. என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். உவர்க் காணிக்கென உருவாக்கிய ஏ.ரீ. 354 இன் ஒரு வழி, கேரளக் கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் நின்று பழகிய பொக்காலி என்ற பழைய நெல். எங்கள் கண்ணுக்குப் பழமையின் அடையாளமாகத் தெரிகிற சிவப்புத் தவிடுகூட நாட்டு நெல்லுக்கு மட்டும் உரியதல்ல, ஏ.ரீ. 362 ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது, அதுவும் சிவப்பரிசிதான்.

நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாட்டின் கதையும் வேறல்ல. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய பீற்றர்பரோப் பக்கத்தில், 1842இல் டேவிட் ஃபைஃப் என்ற கமக்காரர் ஐரோப்பாவிலிருந்து கிடைத்த கொஞ்சக் கோதுமையை விதைத்துக் காப்பாற்றினார். றெட் ஃபைஃப் என்ற இனம் அப்படி வந்தது. பின்னர் அதை இந்தியக் கோதுமை ஒன்றோடு கலந்தார்கள். அந்த இந்தியக் கோதுமையின் பெயர் ஹாட் றெட் கல்கத்தா. கலப்பில் பிறந்த மார்க்குவிஸ் என்ற கோதுமை 1909 தொடக்கம் கமக்காரருக்குக் கொடுக்கப்பட்டது. றெட் ஃபைஃபைவிட ஒரு வாரமளவு முந்தி விளைந்ததால், உறைபனி விழுமுன் அதை அறுக்க முடிந்தது. மேற்குக் கனடாவின் சமவெளி உலகத்துக்கே மா கொடுக்கத் தொடங்கியது இந்த ஒரு வார வித்தியாசத்தினால் என்று சொன்னால் பெரிய மிகையல்ல. ஊரில் எங்கள் கிழவிகள் அமெரிக்கன் மா என்று சொன்ன கோதுமை மாவின் கதைக்குள் கல்கத்தாவும் இருக்கிறது.

ஆகவே புதிய விதை வானத்திலிருந்து விழுவதில்லை. பெயரறியாத கமக்காரர் பல நூறு வருடங்களாகத் தெரிந்தெடுத்து வைத்ததன்மேல் விஞ்ஞானி தன் பத்து, பதினைந்து வருட உழைப்பைச் சேர்க்கிறார். பழைய விதையைக் காப்பாற்றுவதும் புதிய விதையை உருவாக்குவதும் ஒன்றுக்கொன்று பகையான வேலைகள் அல்ல. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் 170க்கும் மேற்பட்ட நாட்டு நெல்லினங்களைத் தேடிச் சேர்த்தார். அதைப் பழமைப் பித்து என்று சிரிக்கிறவர்கள், நாளைய விஞ்ஞானி உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் குணத்தை எங்கே போய்த் தேடுவார் என்று யோசிப்பதில்லை.

அடுத்தது விளைச்சல். இது வெறும் வியாபாரக் கணக்கு, ஒழுக்கத்தோடு சம்பந்தமில்லாதது என்ற எண்ணம் எங்களில் படித்தவர்களிடையே இருக்கிறது. என்னோடு குசினியில் வேலைசெய்யும் அண்ணை ஒருவர் இரணைமடுத் தண்ணீரில் கமம் செய்தவர். நாட்டு நெல்லுக்குத் திரும்பவேண்டுமென்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள் என்று அவருக்குச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "நல்ல விசயம்தான் தம்பி, சோறும் ருசி. ஏக்கருக்கு எத்தினை மூடை எண்டு ஆராவது கேட்டவையோ?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

பழைய நெல்லினங்கள் பெரும்பாலும் உயரமானவை. பசளை போட்டால் இன்னும் உயரும், கதிர் முற்றும்போது பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். மணிலாவுக்குக் கிட்டவுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 சாயாமல் நின்றது, தாய்வானிலிருந்து வந்த குட்டை நெல்லொன்றின் குணத்தால். தண்டுக்குப் போகும் சத்து மணிக்குப் போனது. விளைச்சல் கூடியதன் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான். 1953இல் இலங்கையின் சனத்தொகை 81 இலட்சம். 2024 கணக்கெடுப்பில் அது 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியது. இன்று ஹெக்டயருக்கு நாலு தொன்னுக்குமேல் விளைவதால்தான், பெரும்பாலான வருடங்களில் நாடு தன் அரிசியைத் தானே விளைவித்துக்கொள்கிறது. ஒன்றரைத் தொன்னோடு நின்றிருந்தால், மிச்சமிருந்த காடுகளும் போயிருக்கும் அல்லது கூப்பன் கடை வரிசைகள் இன்னும் நீண்டிருக்கும்.

மொட்டைக்கறுப்பனுக்குக் கூடிய விலை கிடைக்கிறதே என்பார்கள். உண்மை. ஆனால் அந்த விலை, கொஞ்சப்பேர் விதைப்பதாலும் டொலரில் சம்பளம் எடுக்கும் நாங்கள் வாங்குவதாலும் வருகிறது. எல்லோரும் அதையே விதைத்தால் விலை விழும், குறைந்த விளைச்சல் மட்டும் மிஞ்சும். அன்றாடம் கூலிக்குப் போய்க் கடையில் அரிசி வாங்குகிற குடும்பத்துக்கு ஒரு மூடை கூடுவதும் குறைவதும் ருசிப் பிரச்சினை அல்ல. விளைச்சலை ஏளனமாகப் பேசுவது வயிறு நிறைந்தவருக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

இவ்வளவும் சொன்னதால் நான் இரண்டாம் கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். நெல் கூடினால் பசி தானே போய்விடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1943இன் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டார்கள். அந்த வருடம் வங்கத்தில் இருந்த உணவுத் தானியம், பஞ்சமில்லாத 1941இல் இருந்ததைவிடக் குறைவல்ல என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலில் வாதிட்டார். போர்க்காலத்தில் விலை ஏறியது, கிராமத்துக் கூலியாளின் கூலி ஏறவில்லை. அரிசி இருந்தது, வாங்க வழியிருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2024இல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடிருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. 2022இல் மட்டும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீசப்பட்ட உணவு 105 கோடி தொன், அதில் 29 கோடி தொன் உணவகங்களும் அவைபோன்ற இடங்களும் வீசியது என்பதும் ஐ.நா. கணக்கே. இந்த 29 கோடியில் என் கையால் கட்டி வாசலில் வைத்த பைகளும் அடக்கம். டெய்லி பிரெட் உணவு வங்கியின் 2024 அறிக்கையின்படி ரொறன்ரோவில் பத்துப்பேரில் ஒருவர் உணவு வங்கியை நம்பியிருக்கிறார். இந்த நகரத்தில் இரவு குசினி பூட்டும்போது மிச்சச் சோற்றை அள்ளிக் கொட்டுகிறவனுக்கு, உலகத்தில் உணவு போதாது என்ற வாதத்தை விளங்கப்படுத்துவது கடினம். போதாதது எது என்பதை அவன் வேறுவிதமாக அறிவான்.

நெல் கூடிய இடத்திலேயே அது யாருக்குப் போனது என்பதும் முக்கியம். 1960களில் தஞ்சாவூர் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டம். ஏ.டி.ரி. 27 என்ற புதிய நெல் வந்தது, குறுவைப் போகம் செழித்தது. வயலில் இறங்கியவர்கள் கூலிநெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், சங்கம் சேர்ந்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். புதிய நெல் அவர்களைக் கொன்றது என்று சொல்வது மடத்தனம். கொன்றது சாதியும் நிலவுடைமையும். ஆனால் விளைச்சல் கூடினால் மற்றதெல்லாம் சரிவரும் என்று சொல்கிறவர் முதலில் அந்தக் குடிசையின் முன்னால் நின்று அதைச் சொல்லவேண்டும்.

அதற்காக, விதை எப்போதும் காணிக்காரன் பக்கமே நிற்கும் என்ற முடிவுக்கும் போய்விட முடியாது. ஒரிசாவின் பழைய நெல்லொன்றில், நாட்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தும் சாகாத குணம் இருந்தது. அதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு 2006இல் வெளியிட்டார்கள். அதைப் பரவலாக விதைக்கப்பட்ட ஸ்வர்ணா என்ற நெல்லுக்குள் சேர்த்தபோது, இரண்டு வாரமளவு மூழ்கினாலும் பிழைக்கும் பயிர் கிடைத்தது. ஒரிசாவில் நடந்த கள ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. வெள்ளம் தேங்கும் பள்ளக் காணிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருடையவை, ஆகவே இந்த விதையால் கூடிய நன்மை பெறக்கூடியவர்களும் அவர்களே என்று அது காட்டியது. மேட்டுக்காணி யாருக்கு, பள்ளக்காணி யாருக்கு, நல்லதண்ணிக் கிணறு யாருக்கு என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டிய விசயமல்ல. பள்ளக்காணிக்காரருக்காக ஓர் ஆராய்ச்சி நடந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

எனவே விதை பழையதா புதியதா, இயற்கையா செயற்கையா என்ற கேள்விகளால் நல்லது கெட்டதைப் பிரிக்க முடியவில்லை. பிரித்துக் காட்டுகிற கேள்வி வேறொன்று என நினைக்கிறேன். தீர்மானம் எடுப்பவர் யார், பிழைத்துப்போனால் நட்டம் யாருடையது? எங்கள் மண்ணில் இதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

1990க்குப் பிறகு வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட, மட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருளும் பற்றறியும் சீமெந்தும் இருந்தன, யூரியாவும் இருந்தது. வெடிமருந்து செய்யலாம் என்பது அரசு சொன்ன காரணம். சமாதான காலத்தில், 2002இல், தடை நீங்கும்வரை எங்கள் கமக்காரர் பசளை இல்லாமல் விதைத்தார்கள், அல்லது களவாக வந்ததைப் பலமடங்கு விலைக்கு வாங்கி விதைத்தார்கள். மாட்டெருவும் இலைகுழையும் போட்டார்கள். இன்று அதைப் பார்த்து, அப்போது நஞ்சில்லாமல் சாப்பிட்டோம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. விரதம் இருப்பதும் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது சாட்சி 2021. இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாக ஏப்ரலில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச அறிவித்தார், மே மாதம் வர்த்தமானி வந்தது. பத்து வருடத்தில் படிப்படியாகச் செய்வோம் என்று தேர்தலில் சொன்னதை ஒரே போகத்தில் செய்தார்கள். முழு நாடும் இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறது என்று வெளிநாடுகளில் மெச்சினார்கள். எம்மவரிலும் மெச்சியவர்களைக் கேட்டிருக்கிறேன். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலபோக விதைப்பு முடிந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் முந்திய வருடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும்மேல் குறைந்தது. சிங்களக் கமக்காரரும் தமிழ், முஸ்லிம் கமக்காரரும் ஒரே மாதிரியாக மஞ்சளித்த பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதற் தடை போரின் பெயரால் வந்தது, இரண்டாவது இயற்கையின் பெயரால் வந்தது. வரம்பில் நின்றவருக்கு இரண்டிலும் தீர்மானம் வேறொருவருடையது, நட்டம் தன்னுடையது.

கனடாவின் சமவெளிக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. 1880களில் எருமைக் கூட்டங்கள் அழிந்து பூர்வகுடி மக்கள் பட்டினி கிடந்தபோது, அவர்களை ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளுவதற்காக அரசு உணவுப் பங்கீட்டை நிறுத்தி வைத்ததை, ஜேம்ஸ் டஷ்சக் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் வெளிவந்த தன் நூலில் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். மார்க்குவிஸ் கோதுமை செழித்தது அப்படி ஒழிக்கப்பட்ட நிலத்தில். உணவை ஆயுதமாக்கிய நாடொன்றிலிருந்து தப்பி வந்த நாங்கள், இந்த நாட்டின் பாணைத் தின்னும்போது இதையும் அறிந்திருக்கவேண்டும்.

பசளையால் கேடில்லை என்று நான் வாதாடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கும் தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற் பாதுகாப்பான எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டிய யூரியாவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பசளை குறையத்தான் வேண்டும். மண்ணைச் சோதித்து, தேவைக்கு மட்டும், தவணை தவணையாகப் போடும் முறைகள் இருக்கின்றன. ஆனால் குறைக்கும் முதல் சில போகங்களில் விளைச்சல் விழலாம். அந்தக் குறைவை யார் கட்டுவது என்ற கேள்விக்கு விடையில்லாமல் குறைக்கச் சொல்வது உபதேசம் மட்டுமே.

வரப்போகும் விதைகளையும் இதே கேள்வியால் அளக்கலாம். 2025 மே மாதம் இந்தியா மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல்லினங்களை அறிவித்தது. மரபணு என்ற சொல்லைக் கேட்டவுடன் கும்பிடவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். அறுத்த நெல்லில் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாமா? பொய்த்துப்போனால் கடனை யார் பொறுப்பது? வேண்டாமென்றால் பழைய விதை பக்கத்துக் கடையில் கிடைக்குமா? இவற்றைக் கேட்கலாம். காப்புரிமை பெற்ற கனோலாவின் விதையை எடுத்து வைத்து விதைத்த பேர்சி ஷ்மைசர் என்ற சஸ்காச்சுவான் கமக்காரர், கம்பனியின் உரிமையை மீறினார் என்று 2004இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முருங்கைக்காயனைக் கொடுத்தவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. அவர்கள் கொடுத்தது எல்லோருக்கும் பொது, அதன்மேல் கட்டியது மட்டும் ஒருவருக்குச் சொந்தம் என்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக எங்களைப் பற்றி. ஊர்ச் சங்கங்கள் காசு சேர்த்து அனுப்புகின்றன. சிலர் காணி வாங்கி விடுகிறார்கள், குளம் திருத்துகிறார்கள். நல்ல காரியங்கள். ஆனால் காசோடு நிபந்தனையும் போகிறது: பசளை போடாதே, நாட்டு நெல் விதை, அல்லது பழையதை விடு, நவீனமாகச் செய். இரண்டு நிபந்தனையும் இங்கே சூடான அறைக்குள் இருந்து எழுதப்படுபவை. நாட்டு நெல் வேண்டுமென்றால், இத்தனை போகத்துக்கு விளைச்சல் குறைவை நாங்கள் கட்டுகிறோம், அறுத்ததை இன்ன விலைக்கு எடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்போம். புதிய இனம் வேண்டுமென்றால், முதற் கால் ஏக்கரின் நட்டம் எங்களுடையது என்போம். அதற்குப் பிறகும் கமக்காரர் மாட்டேன் என்றால், அதோடு விடுவோம்.

முருங்கைக்காயனைத் தெரிந்தெடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கடனை அடைக்க முடியாது. அவர் நின்ற வரம்பில் இன்று வேறொருவர் நிற்கிறார். அவரைக் கேட்காமல் அவருடைய வயலில் எதை விதைப்பதென்று தீர்மானிக்கும்வரை, அரசாங்கங்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் இல்லை.